நிருபர்களுக்குப் பயிற்சி தரும் தொண்டு நிறுவனங்கள்: போகலாமா, வேண்டாமா?

#1 மைக்கூடு

வணக்கம். சின்ன செய்தித் தளம் ஒன்றில் ஆறு வருடமாக நிருபர். ஆசிரியரையும் சேர்த்தே நாங்கள் நான்கு பேர்தான். போன வாரம் ஒரு லாப நோக்கற்ற நிறுவனத்தின் அறிவிப்பு கண்ணில் பட்டது. எட்டு மாதத் திட்டம். முதல் வாரம் நேரில் பயிற்சி. அப்புறம் மூத்த பத்திரிகையாளர் ஒருவர் வழிகாட்டியாக இருப்பார், ஒரே ஒரு புலனாய்வுக் கட்டுரைக்கான செலவை அவர்களே தருவார்கள், வெளியிடும் முன் வக்கீல் படித்துப் பார்ப்பார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. இதற்கு முன் இரண்டு பயிலரங்குகளுக்குப் போயிருக்கிறேன். இரண்டுமே இரண்டு நாள். ஒரு பை, ஒரு பேனா, கடைசி நாள் குழுப்படம், சான்றிதழ். திரும்பி வந்த திங்கட்கிழமை வழக்கம்போல மூன்று பிரஸ்மீட். கற்றதில் பாதி அந்த வாரமே கரைந்துவிட்டது. ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள். இப்போது அதில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் வருகிறது.

எங்கள் ஆசிரியர் "போவதானால் சம்பளமில்லாத விடுப்பில் போய் வா" என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் போனால் கால்வாசி அலுவலகம் காலி.

இந்த மாதிரி நிறுவனங்கள் உண்மையில் என்ன செய்கின்றன? யார் பணம்? விண்ணப்பிக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பழைய_டெஸ்க்

முப்பது வருடம் டெஸ்கில், அதாவது நிருபர்களின் செய்தியைத் திருத்தும் பிரிவில், இருந்தவன். ஓய்வு பெற்றபின் நீங்கள் சொல்வது போன்ற ஒரு திட்டத்தில் வழிகாட்டியாக இருக்கிறேன். ஆகவே நான் நடுநிலையானவன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பயிற்சி என்று தனியாக ஒன்று கிடையாது. தலைமை உதவி ஆசிரியர் பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கும். புதுப்பையன் அதில் உட்கார்ந்து, தான் எழுதியதை அவர் அடித்துத் திருத்துவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. அதுதான் பள்ளிக்கூடம். அந்த நாற்காலியை இப்போது எந்த அலுவலகத்திலும் காணோம். அடித்துத் திருத்தியவருக்கே விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்களே. தொண்டு நிறுவனங்கள் செய்ய முயல்வது, அந்த நாற்காலியை வெளியிலிருந்து கொண்டுவந்து போடுவது. சில நிறுவனங்கள் நாற்காலியைப் போடுகின்றன. சில, நாற்காலியின் படத்தைக் காட்டுகின்றன. நீங்கள் போன இரண்டும் பின்னது.

இது புது விஷயமும் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நீமன் அறக்கட்டளை 1938ல் வந்தது. மில்வாக்கியில் பத்திரிகை நடத்தியவரின் மனைவி ஆக்னஸ் வால் நீமன் விட்டுச்சென்ற சொத்தில் தொடங்கியது. பணியில் இருக்கும் பத்திரிகையாளர் ஒரு கல்வியாண்டு வேலையை விட்டு விலகி, விரும்பியதைப் படிக்கலாம். பத்திரிகையாளர்களுக்குப் பயிற்சி தரும் பிரிட்டனின் தாம்சன் அறக்கட்டளை 1962. அமெரிக்காவில் பாயின்டர் நிறுவனம் 1975. இதில் எனக்குப் பிடித்த விசித்திரம், பயிற்சி நிறுவனமே ஒரு நாளிதழுக்கு உரிமையாளர். நெல்சன் பாயின்டர் தன் பத்திரிகை தனக்குப் பின் ஏதாவது பெரிய சங்கிலி நிறுவனத்திடம் போய்விடக் கூடாது என்று அப்படி ஏற்பாடு செய்தார்.

சரி, வழிகாட்டி என்ன செய்வார் என்று கேட்டால், என் வேலை பெரும்பாலும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதுதான். போன வருடம் என்னிடம் வந்த இளைஞர் மருந்துக் கொள்முதல் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். நாற்பது பேரைப் பேட்டி கண்டிருந்தார். எல்லோரும் "நடக்குது சார், எல்லாருக்கும் தெரியும்" என்றே சொல்லியிருந்தார்கள். நான் கேட்டது, "கையெழுத்துப் போட்டது யார்?" அவரிடம் பதில் இல்லை. கொள்முதல் ஆணையின் நகல் கிடைக்க ஐந்து வாரம் ஆயிற்று. கிடைத்ததும் கட்டுரையே வேறாகிவிட்டது. ஊழல் என்று நினைத்தது சோம்பல் என்று தெரிந்தது. விலைப்பட்டியலை ஆறு வருடமாக யாரும் புதுப்பிக்கவே இல்லை. ஊழலைவிட அது எனக்கு மோசமாகப் பட்டது. அந்த ஐந்து வாரம் பொறுத்திருக்க அவருடைய அலுவலகம் விட்டிருக்காது. திட்டம் விட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

தம்பியா தங்கையா தெரியவில்லை, எதுவானாலும் விண்ணப்பியுங்கள்.

#3 சந்தேகப்பிராணி

டெஸ்க் ஐயா சொல்வது நல்ல பக்கம். நான் மறுபக்கம் சொல்கிறேன்.

நிறையப் பயிலரங்குகள் நிருபருக்காக நடப்பதில்லை, நிதி கொடுத்தவருக்கு அனுப்பும் அறிக்கைக்காக நடக்கின்றன. "இத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தோம், அதில் இத்தனை பெண்கள்", கூடவே குழுப்படம், கையெழுத்துத் தாள். நான் போன ஒன்றில் முதல் நாள் காலை ஒரு தேர்வு, கடைசி நாள் மாலை அதே தேர்வு. மதிப்பெண் கூடியிருந்தால் பயிற்சி வெற்றி. கேள்விகளின் விடையை நடுவில் அவர்களே சொல்லிக்கொடுத்திருந்தால் கூடாமல் என்ன செய்யும்?

இன்னொன்று, தலைப்பு. இந்த வருடம் பருவநிலைக்குப் பணம் இருந்தால் ஊரெல்லாம் பருவநிலைக் கட்டுரை. அடுத்த வருடம் பொய்ச்செய்திக்குப் பணம். அதற்கடுத்து ஏஐ. நிருபர் தன் பீட்டில் (தான் கவனிக்கும் துறையில்) என்ன நடக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எந்த விண்ணப்பம் திறந்திருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிடுகிறார். ஃபெலோஷிப் மேல் ஃபெலோஷிப்பாகப் பத்து வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர். அவர் கடைசியாகத் தானே தேடிக் கண்டுபிடித்த செய்தி எது என்று கேட்டால் யோசிப்பார்.

#4 ஓரப்பார்வை

இந்த இழையில் யாராவது உள்ளிருந்து பேச வேண்டுமே. நான் அப்படிப்பட்ட ஒரு சிறு நிறுவனத்தில் திட்ட ஒருங்கிணைப்பாளர்.

சந்தேகப்பிராணி, குழுப்படம் விஷயம் உண்மை. தலையெண்ணிக்கையைத்தான் முதலில் கேட்பார்கள், எண்ணுவதற்கு அதுதான் சுலபம். ஒரு நிருபர் பயிற்சிக்குப் பிறகு இரண்டாவது ஆதாரம் கிடைக்கும்வரை செய்தியைப் போடாமல் நிறுத்தி வைத்தார் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? வராத தவறான செய்திக்கு எண் கிடையாது. எங்கள் அறிக்கையில் "பிற" என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் உண்மையில் பெருமைப்படும் எல்லாவற்றையும் அதில்தான் எழுதுகிறேன். யாரும் படிப்பதாகத் தெரியவில்லை.

தலைப்புப் பிரச்சினையும் உண்மை. ஒரு சின்னத் திருத்தம் மட்டும். நிதி இரண்டு வகை. குறிப்பிட்ட திட்டத்துக்குக் கட்டிப்போட்ட பணம் ஒன்று, நிறுவனம் தன் இஷ்டப்படி செலவிடும் பொதுப் பணம் இன்னொன்று. பின்னது அதிகமாக இருக்கும் நிறுவனம் நிருபரிடம் "உன் கட்டுரை என்ன?" என்று கேட்கும். முன்னது மட்டும் இருக்கும் நிறுவனம் "எங்கள் தலைப்புக்கு உன்னிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்கும். விண்ணப்பப் படிவத்தைப் படித்தாலே எது எது என்று தெரிந்துவிடும்.

மைக்கூடு கேட்டதற்கு வருகிறேன். விண்ணப்பங்களை நான்தான் முதல் சுற்றில் படிப்பேன். பத்தில் ஏழு, தலைப்பை எழுதி அனுப்புகின்றன. "குடிநீர்ப் பிரச்சினை பற்றி எழுத விரும்புகிறேன்." அது தலைப்பு, கட்டுரை இல்லை. யார், எதைச் செய்தார் அல்லது செய்யத் தவறினார், அதனால் யாருக்கு என்ன ஆயிற்று, அதை எந்த ஆவணம் நிரூபிக்கும், இவ்வளவும் ஒரு பத்தியில் இருந்தால் அந்த விண்ணப்பத்தை நான் தனியே எடுத்து வைப்பேன். மொழிநடை, இலக்கணம் எல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

அப்புறம் செலவுக் கணக்கு. பயணச் செலவை எல்லோரும் எழுதுகிறார்கள். ஆவண நகல் கட்டணம், மொழிபெயர்ப்பாளர், காப்பீடு, உங்கள் சொந்த உழைப்புக்கான ஊதியம், இவற்றை யாரும் எழுதுவதில்லை. கேட்டால் தேர்வாகாது என்று பயம். கேட்காமல் வாங்கிப் பாதியில் கட்டுரையைக் கைவிட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்களுக்குச் சம்பளமில்லாத விடுப்பு என்றால் அந்தச் சம்பளமே செலவுதான். எழுதுங்கள்.

#5 எண்கணக்கு

நான் தரவுப் பக்கம். என் வாழ்க்கையை மாற்றியது ஒரு மாலை வேளை ஆன்லைன் வகுப்பு. இலவசம். ஆகவே கொஞ்சம் நன்றிக்கடனோடு எழுதுகிறேன்.

ஐஆர்ஈ என்ற அமெரிக்கப் புலனாய்வு நிருபர்கள் அமைப்பின் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1975ல் தொடங்கினார்கள், ஒருவருக்கொருவர் சூட்சுமம் சொல்லிக்கொடுக்கலாம் என்று. அடுத்த வருடம் ஜூனில் அதன் உறுப்பினர், அரிசோனாவைச் சேர்ந்த நிருபர் டான் போல்ஸ், காரில் வைத்த வெடிகுண்டில் சிக்கி 11 நாள் கழித்து இறந்தார். போட்டிப் பத்திரிகைகளின் நிருபர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு அரிசோனாவுக்கு வந்து அவர் விட்ட வேலையைத் தொடர்ந்தார்கள். 28 செய்தி நிறுவனங்களைச் சேர்ந்த 38 பேர். 1977ல் 23 பகுதிகளாக வெளியிட்டார்கள். கொலையாளியைப் பிடிப்பது நோக்கம் இல்லை. ஒரு நிருபரைக் கொன்றால் செய்தி செத்துவிடாது என்று காட்டுவதுதான் நோக்கம். அதே அமைப்புதான் இன்றைக்கு எக்செல் சொல்லித் தருகிறது. இரண்டும் வேறு வேறு வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

பனாமா ஆவணங்களை எடுத்துக்கொள்ளுங்கள், பணக்காரர்களும் தலைவர்களும் வெளிநாட்டு நிறுவனங்களில் சொத்தை மறைத்து வைத்ததைக் காட்டிய கசிவு. 2016 ஏப்ரலில் வந்தது. 1 கோடியே 15 லட்சம் கோப்புகள், 2.6 டெராபைட். நடத்தியது ஐசிஐஜே, புலனாய்வுப் பத்திரிகையாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு, 1997ல் தொடங்கிய லாப நோக்கற்ற அமைப்பு. 370க்கும் மேற்பட்ட நிருபர்கள், சுமார் 80 நாடுகள். எல்லோரும் பேசுவது கசிந்த ஆவணத்தைப் பற்றி. எனக்கு வியப்பு, அந்த 370 பேருக்கும் பாதுகாப்பான தேடுபொறியைப் பயன்படுத்தவும், மறையாக்கம் செய்த இடத்தில் குறிப்புகளைப் பகிரவும், அதற்குமேல் ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருக்கவும் பழக்கினார்களே, அதுதான். நிருபர்களை ஒரு வருடம் பேசாமல் வைத்திருப்பது சாதாரணமா?

என் சொந்த அனுபவம் சின்னது. ஒப்பந்தப் பட்டியல் ஒன்று பிடிஎஃப் ஆகக் கிடைத்தது. ஒரே நிறுவனத்தின் பெயர் ஐந்து விதமான எழுத்துக்கூட்டலில் இருந்தது. புள்ளி வைத்து ஒன்று, வைக்காமல் ஒன்று, இடைவெளி விட்டு ஒன்று. அப்படியே கூட்டினால் ஐந்து சிறு ஒப்பந்ததாரர்கள். பெயரைச் சுத்தம் செய்து கூட்டினால் ஒரே ஆள். அதை எப்படிச் சுத்தம் செய்வது என்று அந்த மாலை வகுப்பில்தான் கற்றேன். ஆனால் வகுப்பில் கொடுத்த மாதிரித் தரவில் கற்றிருந்தால் மறந்திருப்பேன். என் சொந்தப் பிடிஎஃப்பை எடுத்துக்கொண்டு போனதால் நின்றது. பயிற்சிக்குப் போகும் யாரும் கையில் தன் சொந்தச் சிக்கல் ஒன்றைக் கொண்டுபோக வேண்டும்.

காசு செலவழிக்காமல் தொடங்க வேண்டுமானால் ஜிஐஜேஎன் தளத்தைப் பாருங்கள். உலகளாவிய புலனாய்வு இதழியல் அமைப்புகளின் வலையமைப்பு, 2003ல் உருவானது. கையேடுகள் பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன.

#6 கேமராக்காரி

எல்லோரும் எழுதுகிறவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரி. எனக்கு அலுவலகமே கிடையாது, விடுப்பு கொடுக்க மறுக்கவாவது ஒருவர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சில நாள் தோன்றும்.

டிம் ஹெதரிங்டன் என்ற புகைப்படக்காரர் 2011 ஏப்ரலில் லிபியாவின் மிஸ்ரட்டா நகரில் இறந்தார். குண்டுச் சிதறல் தொடையருகே பட்டது. இரத்தம் போய் இறந்தார். உடனிருந்தவர்களுக்கு இரத்தத்தை நிறுத்தத் தெரிந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று அவருடைய நண்பர் செபாஸ்டியன் யுங்கருக்குப் பிறகு தெரியவந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் ரிஸ்க் என்ற அமைப்பு. ஃப்ரீலான்ஸர்களுக்கு முதலுதவிப் பயிற்சி, கட்டணம் இல்லை. அதற்கும் முன்னால், 1993ல் மாஸ்கோ மோதலில் கொல்லப்பட்ட ஃப்ரீலான்ஸ் ஒளிப்பதிவாளர் ரோரி பெக் பெயரில் 1995ல் ஒரு அறக்கட்டளை வந்தது. காயம்பட்டவர்களுக்கும், இறந்தவர்களின் குடும்பங்களுக்கும், தலைமறைவாக வேண்டியவர்களுக்கும் உதவுகிறது. நிரந்தர ஊழியருக்கு இதெல்லாம் அலுவலகம் பார்த்துக்கொள்ளும். எங்களுக்கு இவர்கள்தான்.

நான் போனது ஐந்து நாள் பாதுகாப்புப் பயிற்சி. மூன்றாம் நாள் ஒரு மைதானத்தில் திடீரென்று புகை, கத்தல். என்னோடு பயிற்சிக்கு வந்த ஒருவர் கால் முழுக்கச் செயற்கை இரத்தத்தோடு கிடக்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? படம் எடுத்தேன். அரை நிமிடம் படம் எடுத்துவிட்டுத்தான் கட்டுப்போடும் பட்டை என் பையில் இருப்பது நினைவுக்கு வந்தது. பயிற்றுநர் திட்டவில்லை. "இன்னொரு முறை" என்றார். நான்கு முறை செய்ய வைத்தார். நான்காவது முறை கை தானாகப் பைக்குள் போயிற்று. புத்தகம் படித்து வராது இது.

அது உடம்புக்கு. மனசுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. பெரிய விபத்து ஒன்றைப் படம் எடுத்துவிட்டு வந்து இரண்டு மாதம் எனக்குத் தூக்கம் இல்லை. படங்களை அனுப்பிய அலுவலகம் "இன்னும் நெருக்கமான ஷாட் இருக்கிறதா?" என்று கேட்டதோடு சரி. கோரங்களைப் பார்க்கும் நிருபர்களின் மனநிலைக்காகவே டார்ட் மையம் என்று ஒன்றை 1999லேயே தொடங்கியிருந்தார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவர்கள் சொல்லித் தந்ததில் பாதி, பாதிக்கப்பட்டவரிடம் எப்படிப் பேட்டி எடுப்பது என்பது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று அவரிடம் முதலிலேயே சொல்வது, "எப்படி உணர்ந்தீர்கள்?" என்ற கேள்வியைக் கேட்காமல் இருப்பது. மறுபாதி நமக்கு. கோரமான காட்சிகளைத் திருத்தும்போது ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பது போன்ற சின்னச் சின்ன விஷயங்கள். கேட்க அற்பமாக இருக்கும். ஒலியை அணைத்துப் பாருங்கள், தெரியும்.

மைக்கூடு, உங்கள் திட்டத்தில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபோனைப் பூட்டுவது, கணக்குக்கு இரண்டடுக்கு உறுதி, சோர்ஸின் (நமக்குத் தகவல் தந்தவரின்) பெயரை எங்கே எழுதி வைக்கக் கூடாது, கட்டுரை வந்தபின் இணையத்தில் கும்பலாக வந்து வசைபாடினால் யாரைக் கூப்பிடுவது. பெண்ணாக இருந்தால் கடைசிக் கேள்வியை முதலில் கேளுங்கள்.

#7 மைக்கூடு

தங்கைதான் டெஸ்க் சார். கேமராக்காரி அக்கா, கடைசிக் கேள்வியை முதலில் கேட்கிறேன், நன்றி.

ஒன்று சொல்லாமல் விட்டேன். போன வருடம் எங்கள் தளத்துக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. நான் எழுதிய செய்திதான். தகவலில் தப்பில்லை, இன்றும் சொல்வேன். ஆனால் வழக்குக்குப் போனால் தளத்தையே மூட வேண்டியிருக்கும் என்று ஆசிரியர் செய்தியை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து நான் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தையும் நானே வெட்டிக்கொண்டிருக்கிறேன். வெளியிடும் முன் வக்கீல் படிப்பார் என்ற வரிதான் அந்த அறிவிப்பில் என்னை நிறுத்தியது. அது நிஜமாகவே உதவுமா?

#8 கறுப்பங்கி

உதவும். ஊடக வழக்குகள் பார்க்கிறேன், இரண்டு பயிற்சி நிறுவனங்களுக்குக் கட்டுரைகளைப் படித்துக் கொடுக்கிறேன்.

வக்கீல் வந்து கட்டுரையில் பல்லைப் பிடுங்குவார் என்று நிருபர்கள் பயப்படுகிறார்கள். நல்ல வக்கீல் பல்லைத் தீட்டுவார். என் முறை இது: கட்டுரையை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் இது எங்கிருந்து வந்தது என்று எழுதச் சொல்வேன். ஆவணமா, பேட்டியா, நேரில் பார்த்ததா, ஊகமா? பேட்டி என்றால் பதிவு இருக்கிறதா? குற்றம் சாட்டப்படுபவரிடம் கேள்வி அனுப்பினீர்களா, பதில் சொல்ல நியாயமான அவகாசம் கொடுத்தீர்களா? பெரும்பாலும் பிரச்சினை பெரிய குற்றச்சாட்டில் இருக்காது. அதற்கு நிருபர் பத்து ஆதாரம் வைத்திருப்பார். போகிற போக்கில் எழுதிய ஒரு பெயரடையில் இருக்கும். "மோசடி நிறுவனம்" என்று எழுதியிருப்பார், எந்த நீதிமன்றமும் அப்படிச் சொல்லியிருக்காது. என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள், என்ன பட்டம் கொடுப்பது என்பதை வாசகர் பார்த்துக்கொள்வார்.

உங்களுக்கு வந்தது போன்ற நோட்டீஸ்கள் பலவற்றின் நோக்கம் ஜெயிப்பதே இல்லை, களைப்படைய வைப்பது. மால்டா பத்திரிகையாளர் டாஃப்னே கருவானா கலிசியா 2017 அக்டோபர் 16 அன்று கார் குண்டில் கொல்லப்பட்டபோது அவர்மீது 40க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. அவர் இறந்த பிறகும் பல வழக்குகள் முடியவில்லை, குடும்பத்தின் தலையில் விழுந்தன. அவருடைய புலனாய்வை ஃபர்பிடன் ஸ்டோரீஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 18 செய்தி நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு தொடர்ந்தது, 2018ல் வெளியிட்டது. இத்தகைய வாயடைப்பு வழக்குகளுக்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் ஒரு நெறிமுறைச் சட்டம் கொண்டுவந்தது. அதை டாஃப்னே பெயரிலேயே அழைக்கிறார்கள். வழக்குச் செலவுக்கென்றே மீடியா டிஃபென்ஸ் போன்ற அமைப்புகள் உண்டு. 2023ல் தொடங்கிய ரிப்போர்ட்டர்ஸ் ஷீல்டு ஏறக்குறைய காப்பீடு மாதிரி. செய்தி நிறுவனம் உறுப்பினராகச் சந்தா கட்ட வேண்டும், வழக்கு வந்தால் எதிர்வாதச் செலவை அவர்கள் பார்ப்பார்கள்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது "வக்கீல் உண்டா?" என்பதல்ல. வெளியான பிறகு நோட்டீஸ் வந்தால் என் பக்கம் யார் நிற்பார்? திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்து வந்தால்? எழுத்தில் வாங்குங்கள்.

#9 சந்தேகப்பிராணி

எல்லாம் சரி. ஆனால் 2025 ஜனவரியில் என்ன நடந்தது? அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை ஒரே உத்தரவில் நிறுத்தியது. 1982லிருந்து ஊடக உதவி செய்துவரும் இன்டர்நியூஸ், உலகெங்கும் ஊழலைத் துருவும் ஓசிசிஆர்பி, அவர்களை நம்பிய சின்னச் சின்ன செய்தித் தளங்கள் எல்லாமே ஆட்டம் கண்டன. சுதந்திர ஊடகம் என்று பேசிக்கொண்டு ஒரே அரசின் கஜானாவில் சாய்ந்து நின்றால் இதுதான் நடக்கும். சாய்ந்த சுவர் அது.

#10 ஓரப்பார்வை

அந்த வாரம் நான் மூன்று பேருக்கு ஃபோன் செய்து, கொடுப்பதாகச் சொன்ன உதவித்தொகை வராது என்று சொன்னேன். ஒருவர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். எங்களுக்கு நேரடியாக அந்தப் பணம் வரவில்லை. எங்களுக்குக் கொடுத்தவருக்குக் கொடுத்தவரிடமிருந்து வந்தது. அது எங்களுக்கே அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

வாதாட எதுவும் இல்லை. இப்போது யாரிடமிருந்தும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்குவதில்லை என்று வைத்திருக்கிறோம். நிறுவனம் அதனால் சிறுத்துவிட்டது. மைக்கூடு, அவர்கள் தளத்தில் நிதி கொடுத்தவர்கள் பட்டியல் இருக்கிறதா பாருங்கள். பட்டியலே இல்லை என்றால் யோசியுங்கள். இருந்தால் அடுத்த கேள்வி, கட்டுரை வெளியாகும் முன் அவர்களில் யாராவது அதைப் பார்ப்பார்களா? "இல்லை" என்ற ஒற்றைச் சொல்தான் சரியான பதில். நீளமாக விளக்கினால் பார்ப்பார்கள் என்று அர்த்தம்.

#11 மூன்றாம்பத்தி

ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். நான் அப்படி ஒரு திட்டத்தில் படித்தவன். பத்து மாதம். அருமையான வழிகாட்டி. என் கட்டுரையால் ஒரு விதிமுறையே மாறியது. திட்டம் முடிந்து ஒரு வருடத்தில் பத்திரிகை வேலையை விட்டுவிட்டு ஒரு நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் சேர்ந்துவிட்டேன்.

காரணம் எளிது. பயிற்சி என்னை நல்ல நிருபராக்கியது. சம்பளம் பழைய நிருபருடையதாகவே இருந்தது. என்னோடு படித்த பன்னிரண்டு பேரில் இன்றும் செய்தியில் இருப்பவர்கள் ஐந்து பேர். எங்கள் எல்லோருடைய படமும் அவர்கள் தளத்தில் "முன்னாள் மாணவர்கள்" பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை. கேள்வி எழுப்பவே பழக்கினார்கள், சரி, நான் என் வாடகையைப் பற்றிக் கேள்வி எழுப்பினேன்.

#12 பழைய_டெஸ்க்

மூன்றாம்பத்தி எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவு பதில் எழுத உட்கார்ந்து, எழுதாமல் எழுந்துவிட்டேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வேறொன்று சொல்கிறேன், அதோடு சேர்ந்ததுதான். பயிற்சி பெற்ற நிருபர் திரும்பிப் போகும் அலுவலகத்தில் ஆசிரியருக்குப் பயிற்சி கிடையாது. போன வருடம் என்னிடம் கற்ற பெண் ஆவணத்தோடு திரும்பிப் போனாள். செய்தி ஆசிரியர் "சாயங்காலத்துக்குள் முந்நூறு வார்த்தை கொடு" என்றார். அவருக்கு அவ்வளவுதான் தெரியும், அவரிடம் அவருடைய ஆசிரியர் அவ்வளவுதான் கேட்டிருந்தார். நாங்கள் எட்டு மாதம் கட்டியதை ஒரு வரி இடித்துவிட்டது. அதிலிருந்து எங்கள் திட்டத்தில் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம். தேர்வாகும் நிருபரின் ஆசிரியரும் மாதம் ஒரு மணி நேரம் எங்களோடு உட்கார வேண்டும். கட்டுரை எந்த நிலையில் இருக்கிறது, எப்போது வரும், எவ்வளவு இடம் கொடுப்பார் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். முணுமுணுத்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து தங்கள் சொந்தச் சந்தேகங்களைக் கேட்க ஆரம்பிக்கிறார்கள். என் கணக்கில், நிருபருக்குச் செலவிடும் நேரத்தைவிட அந்த ஒரு மணி நேரம்தான் அதிகம் பலன் தருகிறது. இதை ஓரப்பார்வை எந்தக் கட்டத்தில் எழுதுவாரோ தெரியாது.

தங்கையே, உங்கள் ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா பாருங்கள்.

#13 ஓரப்பார்வை

"பிற".

#14 மைக்கூடு

இரண்டு வாரம் ஆயிற்று. கடைசி நாள் நாளை.

அவர்களுக்கு ஐந்து கேள்விகள் அனுப்பினேன். நிதி கொடுத்தவர்கள் கட்டுரையைப் பார்ப்பார்களா? "இல்லை." ஒற்றைச் சொல்தான், ஓரப்பார்வை. இணைய வசவுக்கு ஒரு ஆள், தொலைபேசி எண்ணோடு. கட்டுரையின் உரிமை எனக்கும் எங்கள் தளத்துக்கும். செலவுக் கணக்கில் என் சம்பளத்தையும் எழுதலாமாம். திட்டம் முடிந்தபின் நோட்டீஸ் வந்தால் என்ன செய்வார்கள் என்பதற்கு மட்டும் "அப்போதைய நிலையைப் பொறுத்து உதவ முயல்வோம்" என்று வந்திருக்கிறது. கறுப்பங்கி சார், அது எழுத்தில் வந்ததுதான், ஆனால் அதில் ஒன்றும் இல்லை, தெரியும். திரும்பவும் கேட்டிருக்கிறேன்.

ஆசிரியரிடம் #12ஐப் படித்துக் காட்டினேன். "அந்தக் கிழவரை எனக்குத் தெரியும் போலிருக்கிறதே" என்றார். மாதம் ஒரு மணி நேரம் என்றால் வருகிறாராம். விடுப்பு விஷயத்தில் இன்னும் பிடி கொடுக்கவில்லை.

என் ஒரு வாக்கியம் இது, பார்த்துச் சொல்லுங்கள் டெஸ்க் சார்: "குடிநீர் மாதிரிகள் சோதனையில் மூன்று முறை தேறவில்லை என்று ஆய்வகம் எழுதிக் கொடுத்த பிறகும் அதே குழாய்களில் தண்ணீர் தொடர்ந்து விடப்பட்டது, அதிகாரிகள் பலருக்கு இது தெரியும்."

#15 பழைய_டெஸ்க்

முதல் பாதி நன்று. "விடப்பட்டது" என்றால், விட்டது யார்? "பலருக்கு" என்றால், எந்தப் பலர்? ஆய்வக அறிக்கை யார் மேசைக்குப் போயிற்று, யார் பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்?

இன்றிரவே திருத்தி அனுப்புங்கள். விழித்திருப்பேன்.